கல்பலகைக்கு அடியில் ஒரு பென்னி

ஹோல்ட்கோம் கிராமத்தில் ரூபன் ஹாலெட்டைப் போலக் குழி வெட்ட ஆள் கிடையாது. பள்ளிக்கூடத்துக்கு மூன்றாம் வகுப்போடு முழுக்குப் போட்டவர்தான். ஆனால் சர்ச் கல்லறைத் தோட்டத்தில் நாற்பது வருஷமாக அவர் வெட்டிய குழி ஒன்றுகூட ஓரம் சரிந்ததில்லை. மண்ணைக் கையில் அள்ளினாலே போதும், அதை யாராவது முன்பு புரட்டியிருக்கிறார்களா என்று சொல்லிவிடுவார். அப்பேர்ப்பட்டவர் பேச்சை 1955 கோடையில் ஒருத்தரும் காதில் வாங்கவில்லை.

ஊருக்கு மேற்கே புல் மூடிக் கிடந்த பழைய ஈமமேட்டை டாக்டர் பிரைட்வெல் என்ற தொல்லியல்காரர் தோண்டிக்கொண்டிருந்தார். ரூபன் அங்கே மண் அள்ளப் போனார். மூன்றாம் வாரம் ஒரு எலும்புக்கூடு வந்தது. மண்டையில் வெட்டு, தலைக்கடியில் ஒரு கல்பலகை.

"சாக்சன் வீரன். ஆயிரத்து முந்நூறு வருஷம்" என்றார் டாக்டர். பத்திரிகைக்கும் சொல்லியாகிவிட்டது.

ரூபனின் கண் இடது முன்கையில் நின்றது. ஒடிந்து கோணலாகக் கூடிய எலும்பு. அவருடைய தம்பி ஈனஸ் பன்னிரண்டு வயதில் ஆப்பிள் மரத்திலிருந்து விழுந்து ஒடித்துக்கொண்ட கை அது.

1931-ல் இதே மேட்டைத் தோண்டியவர் பண்ணையார் கார்ட்யூ. மண் அள்ளியது ரூபனும் ஈனஸும். ஒரு தங்க வளை கிடைத்தது. குழியை மூடிய மறுநாள் வளையைக் காணோம், ஈனஸையும் காணோம். அவன் காலை ரயிலில் ஏறியதைத் தன் கண்ணாலேயே பார்த்ததாகப் பண்ணையார் சொன்னார். அன்றிலிருந்து ஊருக்கு ரூபன் திருடனின் அண்ணன்.

"டாக்டர் ஐயா, அந்தப் பலகையத் தூக்கிப் பாருங்க. அது என் வீட்டுக் கூரையில ஓடா வேய்ஞ்ச கல்லு. குழிய மூடறப்ப அந்த வருஷத்துக் காசு ஒண்ண அடியில போடறது தோண்டறவங்க வழக்கம், உங்களுக்குத் தெரியாததா? முயல் தோண்டி இழுத்துடக் கூடாதுன்னு மேல கல்ல வச்சேன். அந்தக் கல்லு மேல ஒருத்தன் தலை எப்படி வந்துச்சு?"

"அது வீரனோட தலையணைக் கல், ரூபன். மண்ணோட பெயர்த்து அப்படியே மியூசியம் போகுது. யாரும் தொடக் கூடாது."

தானே தூக்கிவிடலாம். தூக்கினால், காசை நீயே வைத்தாய் என்பார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு போலீஸ்காரர் ஸ்டிக்லண்டிடம் போனார்.

அவர் டீயும் கையுமாக, அட்டை கிழிந்த துப்பறியும் நாவலில் மூழ்கிக் கிடந்தார்.

"கொலையா பெரியவரே? இதுல நாலாம் பக்கத்துலயே பிணம். பாதிரியார்தான் கொன்னிருக்காரு, எனக்கு இப்பவே தெரிஞ்சுபோச்சு."

"உங்க மூக்குக்குக் கீழ ஒண்ணு கிடக்குதுய்யா! கோணலாக் கூடின அந்தக் கை என் தம்பியோடது!"

"சாக்சன்காரனைக் கொன்னவனை நான் எங்க போய்ப் பிடிக்க? வீட்டுக்குப் போங்க."

மியூசியம் வண்டி வந்த காலையில் ரூபன் மண்வெட்டியோடு குழிக்குள் இறங்கி, எலும்புக்குக் குறுக்கே நின்றுகொண்டார்.

"போலீஸ் வந்தாத்தான் நகருவேன்."

டாக்டர் கத்தினார். அரை மணி நேரத்தில் ஸ்டிக்லண்ட் சைக்கிளில் வந்து மூச்சு வாங்கினார். "உங்களை உள்ள தூக்கி வைக்கணுமா?"

"வையுங்க. முதல்ல அந்தப் பலகைய உங்க கையால தூக்குங்க. அடியில பென்னிக் காசு இருக்கும், 1931. இல்லைன்னா விலங்க நானே மாட்டிக்கறேன்."

தொல்லை விட்டால் போதும் என்று ஸ்டிக்லண்ட், டாக்டர் தடுக்கத் தடுக்க, மண்டையோட்டை மெல்ல நகர்த்திவிட்டுப் பலகையை நெம்பினார். பச்சை பூத்த காசு ஒன்று தரையோடு ஒட்டியிருந்தது. கட்டைவிரலால் தேய்த்தார். 1931.

டாக்டரின் வாயிலிருந்த பைப் அணைந்தே போயிற்று.

"அப்ப ரயிலேறினது யாரு?" என்றார் ஸ்டிக்லண்ட்.

"யாருமில்லை. பார்த்தேன்னு சொன்னவர் பண்ணையார் ஒருத்தர்தான்."

கார்ட்யூ செத்து ஏழு வருஷம். சர்ச் சுவரில் 'நேர்மையாளர்' என்று பளிங்குக் கல்லே பதித்திருக்கிறார்கள்.

"செத்தவரை எப்படிப் பிடிக்கறது, பெரியவரே?"

ரூபன் மண்வெட்டியை வீசி எறிந்தார்.

"அந்தாளுக்குக் குழி வெட்டினதே நான்தானய்யா! உறைபனியில ரெண்டு நாள் வெட்டினேன். இந்த ஊர்லயே அதைப் போல ஒரு குழி கிடையாது!"