ஏழாம் போத்தலின் திருகாணி

நெளுக்குளத்துத் தயாளினிக்குக் கடலில் ஓர் இடம் இருந்தது. பெரிய இடமில்லை. ஆய்வுக் கப்பலின் பின்தளத்தில், பன்னிரண்டு போத்தல்களை வட்டமாகக் கட்டிய இரும்புக் கூட்டுக்கு முன்னால் ஓரடி இடம். ஆறு வருடமாக அங்கே முதலாவதாக நின்றவள் அவள்தான்.

கூடு கம்பியில் தொங்கிக் கடலுக்குள் போகும். ஒவ்வொரு ஆழத்திலும் ஒரு போத்தல் மூடிக்கொண்டு அந்த ஆழத்துத் தண்ணீரைப் பிடித்து வரும். மேலே வந்ததும் எல்லோரும் வரிசையில் நிற்க வேண்டும். ஒட்சிசன் பார்க்கிறவர் முதலில். காற்றுப் பட்டால் அந்த அளவு கெட்டுப்போகும் என்பதால் அவருக்கு முன் எவரும் குழாயில் கை வைக்கக்கூடாது. உப்புப் பார்க்கிறவர் கடைசி. உப்பு எங்கே ஓடிவிடப் போகிறது? முதல் ஆள் ஒவ்வொரு போத்தலின் தலையிலும் இருக்கிற காற்றுத் திருகாணியைத் திறப்பார். கடைசி ஆள் அத்தனையையும் பூட்டி, கூட்டை அடுத்த இறக்கத்துக்குத் தயார் செய்வார்.

தயாளினியின் குடும்பம் தேயிலைத் தோட்டத்தை விட்டு வவுனியா நெளுக்குளத்துக்கு வந்த குடும்பம். பதினெட்டு வயதுவரை அவள் கடலைக் கண்டதில்லை. உயர்தரம் படித்து, ஒரு டிப்ளோமா முடித்து, முல்லைத்தீவில் கடலாய்வு அலுவலகமொன்றில் ஆய்வுகூட உதவியாளராகச் சேர்ந்தாள். வருடத்தில் மூன்று நாலு தடவை திருகோணமலையில் கப்பலேறி, ஐந்து நாள் கரையோரமாகப் போய்த் தண்ணீர் எடுத்து வருவார்கள். வேலைக்குப் போகிற வயல்களிலெல்லாம் தாய் வடிவம்மா, "எம் மகதான் கப்பல்ல மொதத் தண்ணி புடிக்கிறது" என்று சொல்லி வைத்திருந்தாள். அப்படியென்றால் என்னவென்று கேட்டவர்களுக்கு அவளால் விளக்க முடியவில்லை. பெருமைப்பட விளக்கம் எதற்கு?

இந்த முறை கப்பலில் கிருசாந்தியும் வந்திருந்தாள். கிளிநொச்சிப் பெண், பட்டதாரி, அலுவலகத்துக்கு வந்து நாலே மாதம். முதல் நாள் பயணத் தலைவர் கனகலிங்கம் சேர் தேத்தண்ணியை ஊதிக்கொண்டே சொன்னார்: "இந்த முறை ஒட்சிசனைக் கிருசாந்தி எடுக்கட்டும். தயாளினி, நீர் உப்பைப் பாரும்."

"ஓம் சேர்" என்றாள் தயாளினி. வயிறு பற்றி எரிந்தது.

அதற்குப் பிறகு கிருசாந்தி செய்ததெல்லாம் அவளுக்குக் குற்றமாகப் பட்டது. கையுறை போட்டது குற்றம். எல்லோரையும் பார்த்துச் சிரித்தது குற்றம். கப்பல் ஆடிய ஆட்டத்தில் பழைய ஆட்களே வாந்தியெடுத்துச் சுருண்டு கிடக்க, இவள் இரண்டாம் தடவையும் சோறு போட்டுச் சாப்பிட்டாள். ஒருமுறை சத்தியாவது எடுத்திருக்கலாம். அந்தச் சின்ன ஆறுதலையும் தர அவளுக்கு மனம் வரவில்லை.

முதல் நிலையத்தில் தயாளினி வரிசையின் கடைசியில் நின்றாள். தன் முறை வந்தபோது தண்ணீரை எடுத்துவிட்டுத் திருகாணிகளைப் பூட்டத் தொடங்கினாள். அந்த நேரம் பார்த்து, "நல்ல கை உமக்கு" என்று சேர் கிருசாந்தியிடம் சொல்வது காதில் விழுந்தது. ஆறு வருடத்தில் அவர் தன் கையைப் பற்றி ஒரு சொல் சொன்னதில்லை. திரும்பி அவர்களைப் பார்த்தபடியே மிச்சத் திருகாணிகளைப் பூட்டி முடித்தாள். முடித்ததாகத்தான் நினைத்தாள்.

மறுநாள் காலை இரண்டாம் நிலையம். பின்னேரம் ஒட்சிசன் அளவுகள் வந்தன. இருநூறு மீற்றர் ஆழத்திலிருந்து வந்த ஏழாம் போத்தலில் இருக்க வேண்டியதைவிட மிக அதிகமாக ஒட்சிசன் இருந்தது. சேருக்கு முகம் கறுத்துவிட்டது.

"குமிழி விட்டிட்டீர். பட்டம் எடுத்தாப் போதாது, பிள்ளை, கவனம் வேணும்" என்றார், எல்லோருக்கும் முன்னால். கிருசாந்தி தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். "நாளையிலயிருந்து தயாளினியே எடுக்கட்டும்."

தயாளினிக்குப் பாயாசம் குடித்தது போல இருந்தது. கரைப் பக்கம் சிக்னல் கிடைத்ததும் தாய்க்குப் போன் எடுத்தாள். ஆனால் இடம் பறிபோனதை அவளுக்குச் சொல்லியிருந்தால்தானே திரும்பக் கிடைத்ததைச் சொல்ல? சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டு வைத்தாள்.

மூன்றாம் நாள் காலை அந்த நிலையத்து உப்பை அளந்தாள். ஆறாம் போத்தல் 34.8. எட்டாம் போத்தல் 34.9. நடுவில் ஏழு, 34.1. கருவியைக் கழுவித் திரும்பவும் அளந்தாள். அதே 34.1.

ஆழத்துத் தண்ணீரில் அந்த அளவு வராது. உப்புக் குறைந்த, ஒட்சிசன் கூடிய மேல் தண்ணீர் கலந்திருக்கிறது. கலப்பதற்கு ஒரே வழி, போத்தல் கடலுக்குள் போகும்போதே திருகாணி திறந்திருந்திருக்க வேண்டும். ஆறு வருடமாகத் திறந்தே பழகிய கை, பூட்ட வேண்டிய ஒன்றை விட்டுவிட்டது. கிருசாந்தியின் கையில் பிழையில்லை. பிழை தன் கண்ணில். அது திருகாணியைப் பார்க்காமல் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது.

34.9 என்று எழுதினால் யாருக்குத் தெரியும்? பென்சில் கையில்தான் இருந்தது. எழுதினால் முதலிடம் தன்னுடையது, கிருசாந்தி கவனமில்லாதவள். எழுத ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் பயமும் வந்தது. கெட்டிக்காரி, என்றைக்காவது கணக்கைக் கிண்டி உண்மையைக் கண்டுபிடித்து, சிரித்த முகத்தோடு வந்து நிற்பாள். அந்தச் சிரிப்பைப் பார்ப்பதைவிடத் தானே முந்திக்கொள்வது மேல். தயாளினி 34.1 என்று அழுத்தி எழுதி, தாளைச் சேரிடம் கொண்டுபோனாள்.

"ஏழாம் போத்தல் என்ர பிழை, சேர். திருகாணி பூட்டேல்லை. அவ எடுத்தது சரி."

சேர் தாளைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "அப்ப ஒட்சிசன் அவவிட்டையே இருக்கட்டும்" என்றார்.

அடுத்த இறக்கத்துக்கு முன் பன்னிரண்டு திருகாணிகளையும் இன்னொரு தடவை தன் கையாலேயே பூட்டினாள். ஆத்திரத்தையெல்லாம் விரலுக்குக் கொண்டுவந்து பூட்டினாள்.

மத்தியானம் கூடு மேலே வந்தது. மேற்கே கொக்கிளாய்க் கரை ஒரு கோடாகத் தெரிந்தது. கிருசாந்தி முன்னே போய் முதல் திருகாணியைப் பிடித்தாள். அது அசையவில்லை. இரண்டாவதும் அப்படியே. வரிசையில் ஒருவர் சிரித்தார்.

"தயாளினி அக்கா, ஒருக்கா வாறீங்களே? எனக்குத் திறக்க ஏலாமக் கிடக்கு."

கடைசியிலிருந்து தயாளினி முன்னுக்கு வந்தாள். அவள் திறக்கத் திறக்க மற்றவள் எடுத்தாள். ஏழாவதுக்கு வந்தபோது கிருசாந்தி குரலைத் தாழ்த்தினாள்.

"நேற்று இது திறந்துதான் கிடந்தது, அக்கா. நான் கண்டனான்."

தயாளினியின் கை நின்றது. "பிறகேன் சொல்லேல்லை? அவ்வளவு பேச்சு வாங்கினீர்."

"சேர் பேசேக்கை சொல்லத்தான் வாயெடுத்தன். நேற்று வந்தவள் நான், உங்களைப் பற்றி எப்பிடிச் சொல்லுறது?"

சொல்லிவிட்டுக் குனிந்து, சிறு கண்ணாடிப் போத்தலில் தண்ணீரைப் பிடித்தாள். அது நிரம்பி வழிந்தது. ஒரு குமிழி இல்லை.

மிச்சம் ஐந்து திருகாணிகளையும் திறந்து கொடுத்துவிட்டுத் தயாளினி வரிசையின் கடைசிக்கு நடந்தாள். பட்டத்துக்கு எரிச்சல்பட்டாயிற்று. முதலிடத்துக்கு எரிச்சல்பட்டாயிற்று. நல்ல கைக்கும் பட்டாயிற்று. இனி இந்த நல்ல மனதுக்கும் எரிச்சல்பட வேண்டுமே என்று நினைக்க, அவளுக்கு அழுகை வந்தது.