நொபுக்கோ அக்கா போட்ட ‘ம்’

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சோறு அடுப்பில் கிடக்க ரெலிபோன் அடித்தது. நொபுக்கோ அக்காவின் மகள் யூமி. “அன்ரி, அம்மா போயிட்டா. ஒரு அவதியும் படேல்லை” என்றாள். அவள் பேசியது ஜேர்மன். நான் எங்கள் தமிழில் எழுதுகிறேன். அழுகைக்கு முன்னால் எனக்கு வந்தது ஆறுதல்தான், அதை மறைக்க மாட்டேன். ஹம்பேர்க்கில் மூன்றாம் மாடியில் தனியாக இருந்த மனுசி. விழுந்து கிடந்து, பக்கத்தில் ஒரு சனம் இல்லாமல் போய்விடுவாரோ என்று எத்தனை வருடம் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு இருந்தேன்! அப்படி நடக்கவில்லை. அப்பாடா.

உங்களில் பலருக்கு அவரை எங்கள் கல்யாண வீடுகளில் தெரியும். சேலை உடுத்து, இடியப்பத்தைக் கையால் குழைத்துச் சாப்பிட்டு, இன்னும் போட வந்தால் “ஏலாது, ஏலாது” என்று இலையை மறைக்கும் யப்பான் அக்கா. ஆனால் அவர் என்ன வேலை செய்தவர் என்று கேட்டால் முக்கால்வாசிப் பேர் முழிப்பீர்கள்.

எழுபதுகளின் நடுப்பகுதி. என் கணவர் சந்திரன் ஜேர்மனிக்குப் படிக்க வந்தவர். நான் பின்னால் வந்து, படங்களுக்கு வேற்றுமொழிக் குரல் சேர்க்கும் ஒரு சின்ன ஸ்ரூடியோவில் ஒலிநாடா வெட்டி ஒட்டும் வேலைக்குச் சேர்ந்தேன். ஊமைக் கோட்டானாய் இருந்த என்னோடு முதல் நாளே பேசியவர், யப்பான் மொழிக் குரல்களைப் பார்த்துக்கொள்ளத் தற்காலிகமாக வந்திருந்த நொபுக்கோ அக்கா. ஒரு நீர்நாயும் ஒரு ஆந்தையும் சிநேகிதமாகும் ஐரோப்பியக் கார்ட்டூன் படமொன்று யப்பானுக்குப் போக இருந்தது. “இஞ்ச இருக்கிற யப்பான் ஆக்களை வைச்சே குரல் குடுக்கலாம்” என்று முதலாளியைச் சம்மதிக்க வைத்தவர் அவர்தான். படத்தை வாங்கத் தோக்கியோவிலிருந்து வரும் ஆள் அதை ஏற்றால் அக்காவுக்கு நிரந்தர வேலை. இல்லையென்றால் வேலையும் இல்லை, வேலையை நம்பியிருந்த விசாவும் இல்லை. புருசனை இழந்து, யூமியை அப்போதுதான் முதலாம் வகுப்பில் விட்டிருந்தார்.

அவர் செய்த முதல் வேலையே ஸ்ரூடியோவைக் குழப்பியது. எங்கள் வழக்கம், ஒவ்வொருவராகக் கூப்பிட்டுத் தனியே பேசவைத்துப் பதிவது. அக்கா ஆந்தையையும் நீர்நாயையும் ஒரே மைக்குக்கு முன்னால் நிறுத்தினார். ஆந்தைக்குக் குரல் கொடுத்தவர் ஒரு உணவகச் சமையல்காரர். நீர்நாய்க்கு ஒரு கப்பல் கொம்பனி அதிகாரியின் மனைவி. நீர்நாய் தன் கதையைச் சொல்லி மூச்சு விடும் இடத்திலெல்லாம், வசனமே இல்லாத ஆந்தை “ம்... ம்...” என்று கொட்டிக்கொண்டு நின்றது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அட, நம்மட ஆக்கள்! நாங்களும் இப்படித்தானே ‘உம்’ கொட்டாமல் கதை கேட்கமாட்டோம்? ஜேர்மன்காரர் ஆடாமல் அசையாமல் கேட்பார்கள். வந்த புதிதில் சுவரோடு பேசுகிறேனோ என்று எனக்கு விசர் பிடிக்கும்.

பதிவு முடிந்த கையோடு யூமிக்குக் கூகைக்கட்டு, கன்னம் வீங்கிக் காய்ச்சல். அக்கா வீட்டில் நிற்க, ஒலிப்பதிவாளர் யூர்கன் நாடாவைச் சுத்தம் செய்தார். தங்கமான மனுசன், தூசியைக் கண்டால் நித்திரை வராது. ஆந்தையின் வாய் மூடியிருந்த இடத்திலெல்லாம் கேட்ட சத்தத்தை, ஏதோ தவறிப் பதிந்த இரைச்சல் என்று நினைத்து ஒன்றும் விடாமல் வெட்டி எடுத்துவிட்டார்!

தோக்கியோ மனிதர் வந்தார். முதல் சுருளைப் பார்த்துவிட்டு, தலை குனிந்து, “கொஞ்சம் யோசிக்க வேணும்” என்றார். அக்காவின் முகம் வெளிறிப்போனது. அவர்களின் மரியாதையில் அதற்கு ‘வேண்டாம்’ என்று அர்த்தமாம். ஏன் என்று அக்கா கெஞ்சிக் கேட்ட பிறகுதான் வாய் திறந்தார்: “நீர்நாய் பாவம். அது சொல்லுறதை ஒருத்தருமே கேட்கேல்லை.”

அக்கா யூர்கனிடம் திரும்பினார். “எங்க என்ர ம் எல்லாம்?”

“வாய் மூடியிருக்கு, சத்தம் வருது. அது பிழையெல்லோ?”

“வாய் மூடியிருந்தா ஆள் அங்க இல்லையெண்டு அர்த்தமோ?”

யூர்கன் நாடாவைப் பார்த்துக்கொண்டு நின்றார். “இந்தா, இப்ப நீங்கள் பேசாமல் நிக்கிறியள். நாங்கள் சொன்னது விளங்கினதோ இல்லையோ எண்டு எங்களுக்கு எப்பிடித் தெரியும்?” என்று நானும் போட்டேன் ஒரு போடு. மனுசன் யோசித்துவிட்டு, “என்ர மனிசியும் இதைத்தான் கேட்கிறவ” என்றார் மெல்ல.

நல்ல காலம், வெட்டிய துண்டை படம் வெளியே போகும்வரை எறியக்கூடாது என்பது எங்கள் வெட்டறையின் சட்டம். எல்லா ம்மும் நாடாத் துண்டுகளாகப் பெட்டிக்கு மேல் கொக்கிகளில் தொங்கின. எது எந்த இடத்து ம் என்று யாருக்குத் தெரியும்? அக்காவுக்குத் தெரிந்தது. “இது பயந்த ம். இது நம்பாத ம். இது, பாவமெண்டு சொல்லுற ம்.” அவர் கேட்டுச் சொல்ல, நான் ஒட்ட, யூர்கன் சுருளைச் சுற்றித் தந்தார். மறுநாள் பின்னேரம் அந்த ஆளுக்கு விமானம். மத்தியானத்துக்குள் முதல் சுருளை முடித்துவிட்டோம்.

திரும்பப் போட்டோம். நான் படத்தைப் பார்க்கவில்லை. அந்த ஆளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். நீர்நாய் தன் தாயைத் தொலைத்த கதையைத் தொடங்கியது. ஆந்தை ‘ம்’ என்றது. கொஞ்ச நேரத்தில் இருட்டுக்குள் இன்னொரு ‘ம்’ கேட்டது. தோக்கியோ மனிதர்! தலையை ஆட்டி ஆட்டி, ஆந்தையோடு சேர்ந்து அவரும் கொட்டிக்கொண்டிருந்தார். அக்கா என் கையைப் பிடித்த பிடியில் வளையல் நெளிந்தது. தோக்கியோ மனிதர் கையெழுத்து வைத்துவிட்டுப் போன பிறகு, அக்கா வாசற்படியில் பொத்தென்று குந்தி, பெரிய மூச்சொன்று விட்டு, சிரித்தார் சிரித்தார், கண்ணீர் வர. “யூமிக்குப் புதுச் சப்பாத்து வாங்கலாம். நாங்கள் யப்பானுக்குத் திரும்பிப் போகத் தேவையில்லை” என்றார். ஓய்வு பெறும்வரை அவர் அந்த ஸ்ரூடியோவில்தான் இருந்தார்.

போன ஞாயிறு ரெலிபோனில் யூமி மிச்சத்தையும் சொன்னாள். தாயைப் பார்க்கப் போயிருந்தாளாம். சாய்வுக் கதிரையில் கண்ணை மூடியிருந்த தாய்க்குத் தன் வேலையிடத்துக் கதையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாளாம். “அம்மா ம், ம் எண்டு கேட்டுக்கொண்டே இருந்தவ, அன்ரி. பிறகு ஒரு இடத்தில ம் வரேல்லை.”

ரெலிபோனைப் பிடித்தபடியே போய் அடுப்பை அணைத்தேன்.

“அன்ரி? லைனில நிக்கிறீங்களோ?”

அக்காவிடமிருந்து எனக்கு மிஞ்சியது இதுதான். “ம்” என்றேன்.

யூமி தொடர்ந்து சொல்லத் தொடங்கினாள்.