குயினி மரத்தின் முதல் காய்ப்பு

மலேசியாவில் செம்பனைத் தோட்டத்தில் வேலை பார்க்கும் என் வீட்டுக்காரர் ஒருமுறை லீவில் வந்தபோது இரண்டு மாங்கொட்டைகள் கொண்டுவந்தார். குயினி மாம்பழமாம். "இந்த வாசன நம்ம மலையிலேயே இருக்காது, பாரு" என்று வீட்டுக்குப் பின்னால் புதைத்துவிட்டுத் திரும்பிப் போனார். ஒன்று முளைத்தது. அதன்பிறகு இரண்டு முறைதான் வந்தார். கடைசியாக வந்து நாலு வருஷம் ஆகிறது. மரம் காய்க்கட்டும், ஒரேயடியாக வந்துவிடுகிறேன் என்று போனில் சொல்லிக்கொண்டே இருந்தார். நானும் நம்பித் தொலைத்தேன். எங்கள் புதூர்நாட்டு மலைக் கோடையில், குடிக்கவே தண்ணீர் இல்லாத நாளிலும் அதற்கு ஒரு குடம் சுமந்தேன். என் இடுப்பு போனதுதான் மிச்சம்.

இந்த வருஷம் காய்த்தது. பழுத்தும் பச்சையாகவே இருந்தது. வாசனை மட்டும் நாலு வீடு தாண்டிப் போனது. முதல் காய்ப்பைச் சாமிக்கு வைத்துவிட்டு வீட்டுக்கு ஒன்றாகக் கொடுப்பது எங்கள் ஊர் வழக்கம். கொடுத்தேன். காட்டு மாம்பழத்தை நாங்கள் உருட்டிப் பிசைந்து, நுனியைக் கடித்துத் துப்பிவிட்டு அப்படியே சப்புவோம். மாம்பழத்துக்குப் போய் யார் கத்தி எடுப்பார்கள்? மறுநாள் ஊரில் வீட்டுக்கு ஒருவருக்காவது, தோலின் பால் பட்ட உதடு வீங்கிக் கொப்பளம் போட்டிருந்தது, எனக்கும்தான்.

என் வீட்டுக்காரரின் மாமா, ஊருக்குப் பெரியவர், துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு வந்தார்.

"இன்னா மரம்மா இது? வெட்டிடலாம்னு எல்லாரும் சொல்றாங்க."

"அவரக் கேட்டுட்டுச் சொல்றேங்க மாமா."

மரமும் போய்விட்டால் அவர் வருவதற்கு ஒரு காரணமும் இருக்காதே என்று எனக்குப் பயம்.

சாயந்திரம் டவர் கிடைக்கும் மேட்டில் ஏறி நின்று போன் போட்டேன். "தோலு பட்டா வாய் பொத்துப்பூடும்னு நீங்க சொல்லவே இல்லியே?"

"எனக்கு இன்னா தெரியும்? அதோட தோல நான் பாத்ததே இல்ல. வூட்ல சீவி, துண்டு போட்டு, தட்டுலதான் வரும்" என்றார்.

கம்பெனிக் கொட்டகையில் எட்டு ஆண்களோடு தங்கி, தானே பொங்கித் தின்பதாகத்தான் இத்தனை வருஷமும் சொல்லியிருந்தார்.

"வூட்ல யாரு சீவுறாங்க?" என்று கேட்டேன்.

அவர் போனை வைத்துவிட்டார்.

மேட்டிலிருந்து இறங்கினேன். அழுகை வரும் என்று நினைத்தேன், வந்தது அலுப்புதான். நேராக மாமா வீட்டுக்குப் போனேன்.

"வெட்டிடுங்க மாமா."

"அவன் இன்னா சொன்னான்?"

"அவரு வர மாட்டாருங்க."