நான்காம் மாடியைக் காலி செய்த நாள்

அளவு எடுப்பதில் அவளை யாரும் மிஞ்ச முடியாது. திரைச்சீலைக் கடையில் பதினாறு வருடமாக வேலை. கடைக்குள் நின்று துணி கிழித்துக் கொடுக்கிற வேலை அல்ல. வாடிக்கையாளர் வீட்டுக்கே போய், ஒவ்வொரு ஜன்னலாக ஸ்டூல் போட்டு ஏறி, நீளம் அகலம் குறித்துக்கொண்டு வருகிற வேலை. டேப் எப்போதும் கழுத்தில் தொங்கும். சாயங்காலம் வீட்டுக்கு வந்து முகம் கழுவும்போதுதான் அதை இன்னும் கழற்றவில்லை என்பது நினைவுக்கு வரும். கடையில் அவளுக்கு 'டேப் அக்கா' என்றே பெயர். சொந்தப் பெயரைக் கேட்டால் முதலாளியே ஒரு நிமிடம் யோசிப்பார்.

அவள் கணவன் பஸ் டிரைவர். அவனுக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு. வைத்தவள் அவளேதான். குழாய் ஒழுகுகிறது என்றால் "பாத்துக்கலாம்" என்பான். கதவுத் தாழ்ப்பாள் கழன்றுவிட்டது என்றால் "பாத்துக்கலாம்" என்பான். ஆகவே வீட்டில் அவன் 'பாத்துக்கலாம்'. நல்ல மனிதன். ஒரு முறைகூட அவளிடம் குரலை உயர்த்தியதில்லை. ஆனால் அவன் பாத்துக்கொண்ட காரியம் என்று ஒன்றை விரல் விட்டுச் சொல்லச் சொன்னால் அவள் திணறிப்போவாள்.

மூன்றாவது ஆள் மாமனார். துறைமுகத்தில் இருபத்தெட்டு வருடம் வேலை பார்த்தவர். கப்பலிலிருந்து பாரம் இறக்கும்போது, உயரத்தில் கூண்டுக்குள் இருக்கிற கிரேன்காரருக்குக் கீழே நடப்பது சரியாகத் தெரியாது. சத்தம் போட்டாலும் கேட்காது. அவருக்குக் கையால் சைகை காட்டுகிறவர்தான் மாமனார். இறக்கு, நிறுத்து, ஒரு விரற்கடை ஏற்று, எல்லாம் கையாலேயே. ஓய்வு பெற்று இரண்டு வருடத்தில் பக்கவாதம் வந்து இடது பக்கம் விழுந்துவிட்டது. கம்பை ஊன்றிக்கொண்டு வீட்டுக்குள் நடப்பார். படி மட்டும் இறங்க முடியாது.

வீடோ நான்காம் மாடியில். லிஃப்ட் கிடையாது.

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்த அன்று நாலு பேர் அவரை நாற்காலியில் வைத்துத் தூக்கிக்கொண்டு ஏறினார்கள். மூன்றாம் மாடித் திருப்பத்தில் ஒருவனுக்குக் கை வழுக்கியது. நாற்காலி ஒரு பக்கமாகச் சாய்ந்தது. அவர் விழவில்லை. ஆனால் படிக்கட்டுக் கைப்பிடிக் கம்பிக்கு அந்தப் பக்கம், மூன்று மாடி ஆழத்தைப் பார்த்துவிட்டார். அன்றைக்கு உள்ளே வந்தவர்தான், அதன் பிறகு மூன்றரை வருடம் வாசலைத் தாண்டவில்லை. வெயில் வேண்டுமென்றால் சமையலறை ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டுக்கொள்வார்.

இரண்டு வருடம் தேடித்தான் டேப் அக்கா தரைத்தள வீடு ஒன்றைப் பிடித்தாள். இரண்டு அறை, வாசலில் ஒரே ஒரு படி. சாவி கைக்கு வந்த அன்றே முழு வீட்டையும் அளந்து நோட்டில் வரைந்துவிட்டாள். கட்டில் எங்கே, பீரோ எங்கே, மாமாவின் படுக்கையிலிருந்து கழிப்பறைக்கு எத்தனை அடி, எல்லாம் அதில் இருந்தது.

மூட்டை கட்டும் வேலையை மூன்று வாரம் முன்னாலேயே ஆரம்பித்தாள். தினமும் வேலை முடிந்து வந்து ஒரு அலமாரி, அவ்வளவுதான். அதற்கு மேல் தொட மாட்டாள். கண்ணாடிச் சாமான்களைச் சுற்றுவதற்குக் கடையில் மிஞ்சின துண்டுத் துணிகள் இருந்தன. பட்டிலும் வெல்வெட்டிலும் சுற்றிக்கொண்டு டம்ளர்கள் ராஜகுமாரிகள் மாதிரி பெட்டிக்குள் படுத்தன. ஒவ்வொரு பெட்டியின் மேலேயும், எந்த அறைக்குப் போக வேண்டும் என்று பெரிதாக எழுதினாள். கட்டிலின் திருகாணிகளை ஒரு பையில் போட்டுக் கட்டில் சட்டத்திலேயே ஒட்டினாள். மாமாவின் மருந்து, கண்ணாடி, இரண்டு செட் துணி எல்லாம் ஒரு தனிப் பை. அது லாரியில் ஏறாது, அவள் தோளில்தான் வரும்.

பாத்துக்கலாமுக்குக் கொடுத்த வேலை ஒன்றே ஒன்று. பரண் மேல் இருப்பதில் வேண்டியது எது, வேண்டாதது எது என்று பிரிக்க வேண்டும். அவன் ஏறினான். ஒரு மணி நேரம் கழித்துப் பழைய ரேடியோ ஒன்றைக் கட்டிப்பிடித்துக்கொண்டு இறங்கினான்.

"இது பாடுமா?"

"பாடாது. ஆனா சரி பண்ணினா பாடும்."

"எப்ப சரி பண்ணுவே?"

அவன் வாயைத் திறப்பதற்குள் அவளே பதிலைச் சொல்லிவிட்டாள். இருவரும் சிரித்தார்கள். ரேடியோ குப்பைக்குப் போனது.

எல்லாம் ஒழுங்காக நடந்தது. ஒன்றைப் பற்றி மட்டும் யாரும் பேசவில்லை. மாமா எப்படி இறங்கப் போகிறார்?

ஸ்ட்ரெச்சர் சொல்லிவிடலாமா என்று ஒரு நாள் மெதுவாகக் கேட்டுப் பார்த்தாள். அவர் தினசரியை மடித்து வைத்தார்.

"நான் என்ன பொணமாம்மா, படுக்க வெச்சுக் கொண்டு போக?"

"அப்ப நாற்காலியில மாமா..."

"நாற்காலி வேண்டாம்."

"பின்ன எப்படி?"

"நீங்க ரெண்டு பேரும் போங்க. நான் இங்கேயே இருந்துக்கறேன். புதுசா வர்றவங்ககிட்ட வீட்டோட சேர்த்து என்னையும் ஒப்படைச்சிடு."

வேடிக்கையாகத்தான் சொன்னார். ஆனால் அவர் கை தினசரியின் ஓரத்தைச் சுருட்டிக்கொண்டே இருந்ததை அவள் பார்த்தாள். அதற்கு மேல் கேட்க அவளுக்கு மனசு வரவில்லை. கணவனிடம் சொன்னபோது அவன் பாத்துக்கலாம் என்றான். அன்றைக்கு மட்டும் அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த மூன்று வாரமும் படுத்தால் நாற்காலி சாய்வதுதான் கண்ணில் வந்தது. பாத்திரம் கழுவும்போதும் படியின் அகலத்தை மனசுக்குள் அளந்துகொண்டிருந்தாள்.

அந்த நாளும் வந்தது. காலை ஏழரைக்கெல்லாம் லாரி வந்து நின்றது. சுமை தூக்க நாலு பேர். தலைவனை மற்ற மூவரும் 'மொட்டை அண்ணே' என்று கூப்பிட்டார்கள். தலையில் ஒரு முடி இல்லை, கழுத்து மட்டும் தூண் மாதிரி இருந்தது. பெட்டிகளின் மேல் இருந்த எழுத்தைப் பார்த்ததுமே அவனுக்கு முகம் மலர்ந்துவிட்டது.

"இந்த மாதிரி நாலு வீடு கெடைச்சா போதும்க்கா, எங்க ஆயுசு கூடும்."

பெட்டிகள் மளமளவென்று இறங்கின. பிறகு பீரோவைத் தூக்கினார்கள். ஆறரை அடி உயரம், பழைய தேக்கு. நாலு பேரும் சேர்ந்து தூக்கி, வாசலைத் தாண்டி, முதல் வளைவுக்குப் போனார்கள். அங்கே பீரோ நின்றுவிட்டது. மேலேயும் போகவில்லை, கீழேயும் போகவில்லை.

டேப் அக்காவுக்குத் தலையில் இடி விழுந்த மாதிரி இருந்தது. படியின் அகலத்தை மூன்று தடவை அளந்திருந்தாள். வளைவில் கம்பியின் முனையில் இருந்த இரும்புக் குண்டை மட்டும் கணக்கில் சேர்க்கவில்லை. ஊரார் ஜன்னலையெல்லாம் அங்குலம் பிசகாமல் அளக்கிறவள், சொந்த வீட்டுப் பீரோவில் கோட்டை விட்டுவிட்டாள்.

படிக்கட்டில் ஒரே கூச்சல். மேலே இருந்தவன் இழு என்றான். கீழே இருந்தவன் தள்ளு என்றான். பாத்துக்கலாம் நடுவில் நின்று இரண்டு பக்கமும் தலையாட்டினான். பீரோ சுவரை உரசிச் சுண்ணாம்பு கொட்டியது. ஒருவன் விரல் நசுங்கி "ஐயோ" என்று அலறினான்.

"நிறுத்து!"

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். மாமா வாசலில் நின்றுகொண்டிருந்தார். வாசலில் அல்ல, வாசலுக்கு வெளியே. ஒரு கையில் கம்பு, தோள் சுவரில் சாய்ந்திருந்தது. வாசற்படியைத் தாண்டியதை அவர் கவனித்ததாகவே தெரியவில்லை.

"ஏம்மா, ஒரு நாற்காலி போடு. டேய், நீ பீரோவை விட்டு விலகு, நடுவுல நிக்காதே." இது மகனுக்கு. "மொட்டை, நீ மட்டும் என் கையைப் பாரு. மத்தவங்க மொட்டையைப் பாருங்க. யாரும் பேசக் கூடாது."

உட்கார்ந்து வலது கையைத் தூக்கினார். உள்ளங்கையைத் தரையைப் பார்த்து வைத்து, விரல்களை மெதுவாக அசைத்தார். மொட்டை தன் பக்கத்தை இறக்கினான். கை முஷ்டியாக மூடியது. எல்லாரும் நின்றார்கள். கட்டைவிரல் மட்டும் மேலே எழும்பியது. பின்பக்கம் ஒரு சாண் உயர்ந்து, பீரோ குண்டைத் தாண்டி, வெண்ணெயில் கத்தி இறங்குகிற மாதிரி திரும்பிப் போனது. ஒரு சத்தம் இல்லை.

மொட்டை கீழேயிருந்து நிமிர்ந்து பார்த்தான்.

"பெரியவரே, அங்கேயே இருங்க. எழுந்துடாதீங்க. மிச்சத்தையும் நீங்கதான் இறக்கணும்."

ஃப்ரிட்ஜ், கட்டில் சட்டங்கள், தையல் மிஷின், துவைக்கிற மிஷின் எல்லாம் அவர் கையைப் பார்த்தே இறங்கின. டேப் அக்கா அவருக்குத் தண்ணீர் கொண்டுவந்தபோது, இன்னொரு கையால் வாங்கிக்கொள்ளப் பார்த்தார். இடது கை எழவில்லை. "கொஞ்சம் பொறு" என்று மெத்தை இறங்கி முடிகிறவரை அவளைக் காக்கவைத்தார். முகத்தில் வியர்வை வழிந்தது. பத்து வயது குறைந்தாற்போல் இருந்தார்.

பதினோரு மணிக்கு வீடு காலி. அறைகளில் குரல் எதிரொலித்தது. மிச்சம் இருந்தது ஒரு நாற்காலியும், அதில் உட்கார்ந்திருந்த மனிதரும்தான்.

மொட்டை துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்தான். டேப் அக்கா கையைப் பிசைந்தாள். மாமா படிக்கட்டைப் பார்த்தார். கம்பியைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"உன்கிட்ட கெட்டியான நாடா இருக்காம்மா? திரைக்குத் தைப்பியே, அது."

"இருக்கு மாமா." மருந்துப் பையிலேயே ஒரு சுருள் இருந்தது. எதற்கு அதை அங்கே வைத்தாள் என்று அவளுக்கே தெரியாது.

"இடுப்புல ரெண்டு சுத்து, நெஞ்சுல ஒரு சுத்து. நாற்காலியோட சேர்த்துக் கட்டு. முடிச்சு முன்னாடி வரணும், என் கைக்கு எட்டணும்."

கட்டினாள். முதல் முடிச்சு அவிழ்ந்துவிட்டது. இரண்டாவது தடவை சரியாக விழுந்தது. அவர் இழுத்துப் பார்த்துத் திருப்தியானார்.

"மொட்டை, நீ முன்னாடி, என்னைப் பார்த்தபடி இறங்கு. கையை மூடினா நிக்கணும். நான் திறக்கற வரைக்கும் யாரும் மூச்சுகூட விடக் கூடாது."

"சரிங்க பெரியவரே."

முன்னால் மொட்டையும் இன்னொருவனும், பின்னால் மற்ற இருவரும் பிடித்துக்கொண்டார்கள். பாத்துக்கலாம் பின்னாலிருந்து அப்பாவின் தோளில் கை வைத்துக்கொண்டான். டேப் அக்கா முன்னால் இறங்கி, மொட்டையின் காலுக்குப் படி சொல்லிக்கொண்டு போனாள். அவர் உள்ளங்கையைத் தரையைப் பார்த்து வைத்தார். நாற்காலி எழுந்து, இறங்க ஆரம்பித்தது.

மூன்றாம் மாடித் திருப்பத்தில் கை சட்டென்று மூடிக்கொண்டது.

நின்றார்கள். அவர் கண்ணை மூடியிருந்தார். மொட்டையின் கைநரம்புகள் புடைத்தன. ஆனால் அவன் அசையவில்லை.

"அப்பா, கீழ வைக்கச் சொல்லவா?" என்று மகன் கேட்டான்.

முஷ்டி திறக்கவில்லை.

"நாங்க நிக்கறோம் பெரியவரே. அவசரமே இல்லை," என்றான் மொட்டை. "உங்க பீரோவைவிட நீங்க லேசுதான்."

மாமாவின் வாயோரம் லேசாகக் கோணியது. சிரிக்கிறார் என்று புரிய டேப் அக்காவுக்கு ஒரு நொடி பிடித்தது. கண்ணைத் திறந்தார். கம்பிக்கு அந்தப் பக்கம் பார்த்தார், வேண்டுமென்றே பார்த்தார். பிறகு கையைத் திறந்தார்.

இரண்டாம் மாடியில் குடியிருந்த டீச்சரம்மா கதவைத் திறந்துகொண்டு நின்றார்.

"மூணரை வருஷமா மேல இருந்து இருமல் சத்தம் மட்டும் கேட்கும். அது நீங்கதானா சார்?"

"நான்தாம்மா. இனிமே நிம்மதியாத் தூங்குங்க."

"வெறிச்சுன்னு இருக்குமே சார்," என்றார் டீச்சரம்மா.

கீழ்ப் படியைத் தாண்டி நடைபாதையில் நாற்காலியை வைத்தபோது டேப் அக்கா கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். பதினெட்டு நிமிடம். மூன்று வாரம் அவள் தூக்கத்தைத் தின்ற காரியம் பதினெட்டே நிமிடத்தில் முடிந்துவிட்டது. அப்படியே படியில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள். அழுகையோடு சிரிப்பும் வந்தது, எது எதென்று அவளுக்கே பிரித்துப் பார்க்க முடியவில்லை. பாத்துக்கலாம் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, என்ன சொல்வதென்று தெரியாமல், அவள் கழுத்திலிருந்த டேப்பை எடுத்துச் சுருட்டித் தன் பையில் போட்டுக்கொண்டான்.

"இன்னிக்கு இது போதும்," என்றான்.

புது வீட்டில் சாமான் இறக்க ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. எல்லாம் அதனதன் அறைக்குப் போய்ச் சேர்ந்தது. ரொட்டியும் டீயும் வாங்கி எல்லாரும் பெட்டிகள் மேல் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். மொட்டை கிளம்பும்போது மாமாவின் வலது கையைத் தன் இரண்டு கையாலும் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனான். கணவன் பழைய வீட்டுச் சாவியைக் கொடுத்துவிட்டு வரப் போனான். அவள் சும்மா ஐந்து நிமிடம் என்று சுருட்டின மெத்தை மேல் சாய்ந்தாள்.

விழித்தபோது நாலு மணி. நாற்காலி காலி. கட்டில் காலி. கழிப்பறைக் கதவு திறந்து கிடந்தது.

"மாமா?"

வாசல் கதவும் திறந்துதான் கிடந்தது. செருப்புகூடப் போடாமல் தெருவுக்கு ஓடினாள். இடது பக்கம் யாரும் இல்லை, வலது பக்கமும் இல்லை. எதிரே ஒரு முடிதிருத்தும் கடை. கண்ணாடிக் கதவுக்குள் வெள்ளைத் துணி போர்த்திக்கொண்டு ஒருவர் உட்கார்ந்திருந்தார். சுவரில் கம்பு சாத்தியிருந்தது.

உள்ளே போனாள். மூச்சு வாங்கியது. மாமாவின் தாடை முழுக்க சோப்பு நுரை. கண்ணாடி வழியாக அவளைப் பார்த்தார்.

"மூணரை வருஷமா உன் புருஷனே முடி வெட்டி வெட்டி என் தலையை நாசம் பண்ணிட்டாம்மா. சொன்னா மனசு கஷ்டப்படுவான்னு இத்தனை நாள் சொல்லலை."

"எப்படி வந்தீங்க?"

"நடந்துதான். ஒரே ஒரு படிதானே."

கடைக்காரர் கத்தியை நிறுத்தினார். "உங்க அப்பாவாங்க? எங்கிட்டப் பேச்சு குடுத்துட்டே இருக்கார், சிரிச்சுச் சிரிச்சு எனக்குக் கை ஆடுது."

"மாமனார்," என்றாள்.

"நீ போய்த் தூங்கும்மா. இன்னும் முடி வெட்டணும், நேரமாகும்," என்றார் மாமா.

அவள் போகவில்லை. சுவரோரம் கிடந்த பெஞ்சில் உட்கார்ந்தாள். யாரோ படித்துப் போட்ட தினசரி ஒன்று இருந்தது, எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். கத்தரிக்கோல் சரக் சரக்கென்று ஓடியது. இரண்டு வரி படிப்பதற்குள் அவள் தலை சுவரில் சாய்ந்துவிட்டது.