நீலம் போட்ட சுண்ணாம்பு நீர்

நினைத்தால் இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது. எழுபதுகளின் கடைசி. திருவண்ணாமலையில் பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி கடைசி வருஷம் படித்துக்கொண்டிருந்தேன். எல்லாப் பரீட்சையும் ஒரே தடவையில் பாஸானால் பி.எட். சேர்க்கலாம், ஒன்று போனாலும் கீழ்பென்னாத்தூருக்குத் திரும்பிவந்து கல்யாணம் என்று அப்பா கறாராகச் சொல்லியிருந்தார்.

செய்முறைத் தேர்வில் சுண்ணாம்பு நீரின் கரைதிறன் பெருக்கம் வந்தது. நிறங்காட்டி கலந்த சுண்ணாம்பு நீரில் அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு, இளஞ்சிவப்பு மறைந்ததும் நிறுத்த வேண்டும். செலவான அமிலத்தை வைத்து ஹைட்ராக்சைடின் செறிவு கிடைக்கும். அதில் பாதி கால்சியம். ஹைட்ராக்சைடை வர்க்கப்படுத்திக் கால்சியத்தால் பெருக்கினால் விடை. அமிலம் இரு மடங்கு போனால் விடை எட்டு மடங்காகிவிடும்.

எனக்கோ நிறம் போகவே இல்லை. ஊதாவாகி, நீலமாகி இழுத்துக்கொண்டே போனது. எரிச்சலில் லேப் அட்டெண்டரைக் கூப்பிட்டேன்.

"அண்ணே, என்ன சுண்ணாம்பு இது?"

"ஸ்டோர்ல சரக்கு தீந்துடுச்சும்மா. தீபத்துக்கு வெள்ளையடிக்க வாங்கி வெச்சிருந்தோமே, அதத்தான் கரைச்சேன். நீலமும் கொஞ்சம் போட்டிருக்கேன், பளிச்னு இருக்கும்!"

அடப்பாவி மனுஷா! சுவருக்கும் பரீட்சைக்கும் வித்தியாசம் வேண்டாமா? சுற்றிப் பார்த்தேன். எல்லார் குடுவையிலும் அதே நீலம். ஆனால் ஒருத்தர் முகத்திலும் கவலையில்லை. புத்தகத்து விடையை முதலில் எழுதிவிட்டு, பின்னாலிருந்து கணக்குப் போட்டு அமில அளவை நிரப்புவதுதான் எங்கள் வகுப்பு வழக்கம். எனக்கு அன்று வீம்பு. அமிலம் இரு மடங்கு போயிருந்தது; கண்ணால் பார்த்த அதையே எழுதினேன்.

வெளியூரிலிருந்து வந்த எக்ஸாமினர் என் தாளைத் தட்டினார். "எல்லாருக்கும் கரெக்டா வந்திருக்கு. உனக்கு மட்டும் ஏம்மா எட்டு மடங்கு ஜாஸ்தி?"

"சார், தண்ணியில நீலம் கலந்திருக்கு. நீங்களே பாருங்க."

குடுவையைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். பக்கத்து மேசைக் குடுவையையும் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது, சத்தியமாகப் புரிந்துவிட்டது. தோழிகள் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

"அதெல்லாம் விடும்மா. விடை தப்புதானே?" என்று சிவப்பு மையால் ஒரு கோடு இழுத்துவிட்டு அடுத்த மேசைக்குப் போய்விட்டார்.

நான் மட்டும் ஃபெயில். ரிசல்ட் வந்த அன்று அப்பா கத்தவில்லை. "கணக்கைத் தப்பாப் போட்டுட்டியாம்மா?" என்று மட்டும் கேட்டார்.

"இல்லப்பா, சரியாத்தான் போட்டேன்."

"அப்புறம் ஏன் ஃபெயிலு?"

அடுத்த வெள்ளிக்கிழமையே பெண் பார்க்க வந்துவிட்டார்கள்.