தீயணைப்பு சிலிண்டரோடு ஐந்து மணி நேரம்: ஆனேக்கல் பக்கம் ஒரு கார் பந்தயம்

போன மாதம் ஒரு வியாழக்கிழமை மாலை, ஜோகுபாளையத்தில் எங்கள் தெருமுனையில் கார் உதிரிபாகக் கடை வைத்திருக்கும் நசீர் பாய் என்னை நிறுத்தினார்.

"சண்டே ஃப்ரீயாமா? ஒரு எடத்துல நிக்கணும்."

"எங்க பாய்?"

"ரேஸ்ல. ஒண்ணும் செய்ய வேணாம். சும்மா நின்னா போதும்."

ஐந்து மணி நேரக் கார் பந்தயம் ஒன்றில் அவருடைய குழுவில் இருந்த பையனுக்குக் காய்ச்சலாம், ஓர் ஆள் குறைகிறதாம். நான் எலெக்ட்ரானிக் சிட்டியில் சாஃப்ட்வேர் டெஸ்டர். கார் பானட்டை எப்படித் திறப்பது என்றுகூடத் தெரியாது. சும்மா நிற்பது எனக்குச் சுத்தமாக வராது என்பதையும் அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

ஞாயிறு அதிகாலை 4:40-க்கு ஆட்டோ பிடித்து சாந்தி நகர் பஸ் நிலையம் போனேன். ஐந்து கிலோமீட்டர், 120 ரூபாய். 5:15-க்கு ஆனேக்கல் பஸ். கர்நாடக முகவரியுள்ள ஆதார் கையில் இருந்தால் பெண்களுக்கு டிக்கெட் இலவசம், மறக்காதீர்கள். 6:35-க்கு ஆனேக்கலில் இறங்கி இட்லி, வடை, காபி, 70 ரூபாய். அங்கிருந்து பந்தயத் தளம் ஒன்பது கிலோமீட்டர். ஆட்டோக்காரர் 200 கேட்டு 180-க்கு இறங்கினார்.

"ரேஸ் பாக்கவா மேடம்?"

"பாக்க இல்லண்ணா, வேலை செய்ய."

"சண்டேவுமா? பாவம் மேடம் நீங்க," என்றார், நிஜமான இரக்கத்தோடு.

ஏழு மணிக்கு உள்ளே போனபோது எங்கள் கார் பலகைக் கட்டைகள் மேல் நின்றுகொண்டிருந்தது. பதினைந்து வருடப் பழைய சின்ன கார். உள்ளே ஓட்டுநர் இருக்கையும் இரும்புக் கூண்டும் தவிர ஒன்றுமில்லை. அடியிலிருந்து வெளியே வந்தவர்தான் மெர்சி அக்கா, குழுவின் தலைவி. நாற்பது வயதிருக்கும். கோலார் தங்கவயலில் வீடு. தினமும் முதல் ரயிலைப் பிடித்து பெங்களூரில் ஒரு சர்வீஸ் சென்டருக்கு வேலைக்கு வருகிறவர். இந்தக் காரை எட்டு மாத ஞாயிறுகளில் அவரே கட்டியிருக்கிறார். ஆனால் கார் அவருடையது அல்ல. இதற்கு முன் இரண்டு பந்தயங்களில் பாதியிலேயே நின்றுவிட்டதால், இந்த முறையும் முடிக்காவிட்டால் விற்றுவிடுவேன் என்று உரிமையாளர் சொல்லியிருந்தார். இதை நசீர் பாய் என் காதருகே சொன்னார். மெர்சி அக்கா அதைப் பற்றி வாயே திறக்கவில்லை.

என் வேலை இது. பெட்ரோல் ஊற்றும்போது இன்ஜின் அணைந்திருக்க வேண்டும், ஓட்டுநர் வெளியே நிற்க வேண்டும். நசீர் பாய் மட்டும் கேனைச் சாய்ப்பார். நான் ஒன்பது கிலோ தீயணைப்பு சிலிண்டரைப் பிடித்து, குழாயை டேங்க் வாய்க்கு நேராகக் காட்டி நிற்க வேண்டும். மூடி போடும்வரை அதைக் கீழே வைக்கக் கூடாது. அவ்வளவுதான்.

மெர்சி அக்காவுக்கு ஒரு பழக்கம் உண்டு. ஒவ்வொரு வேலை முடிந்ததும் "கை!" என்று கத்துவார். எல்லோரும் இரண்டு கைகளையும் வெறுமையாக மேலே தூக்க வேண்டும். ஸ்பேனரோ துணியோ காருக்குள் தங்கிவிடவில்லை என்று ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் அடுத்த வேலை. காலையில் எங்களை இருபது முறை பழக்கினார். கடைசியில் "கை" என்றதும் எனக்கு யோசனையே இல்லாமல் கை தூக்கிக்கொண்டது.

பத்து மணிக்குப் பந்தயம் தொடங்கியது. பத்தொன்பது வண்டிகள் ஒன்றாகச் சீறும் சத்தம் காதில் கேட்கவில்லை, நெஞ்செலும்பில் கேட்டது. மூன்று ஓட்டுநர்கள் மாறி மாறி ஓட்டுவதாக ஏற்பாடு. எங்களுக்கு முதலிலும் கடைசியிலும் காவ்யா. மைசூர்ப் பெண், பேச்சில் கன்னடம் பாதி, தமிழ் பாதி.

11:10-க்கு காவ்யா திடீரென்று காரோடு எங்கள் இடத்துக்குள் வந்து நின்றாள். "லெஃப்ட் ஆக்சில் கட கடன்னுது அக்கா!"

அடுத்து நான் பார்த்ததை என் ஆயுசுக்கும் மறக்க மாட்டேன். சக்கரத்திலிருந்து வந்த சூட்டில் மூன்றடி தள்ளி நின்ற எனக்கே முகம் எரிந்தது. மெர்சி அக்கா முழங்கைவரை கையை உள்ளே விட்டுக் கண்ணை மூடிக்கொண்டு போல்ட்டைத் தேடினார். ஒரு கெட்ட வார்த்தை இல்லை, அவசரம் இல்லை. நசீர் பாய் கடையிலிருந்து கொண்டுவந்திருந்த புது ஆக்சில் உள்ளே போய் உட்கார்ந்தபோது மணி 11:58. நாற்பத்தெட்டு நிமிடம். மணிக்கட்டில் ஒரு கொப்புளம். சர்வீஸ் சென்டரில் இதற்கு அரை நாள் கேட்பார்கள் என்று எனக்குக்கூடத் தெரியும்.

இனி கணக்கு. முடித்த வண்டி என்று சேர்க்க, முதலிடத்து வண்டி ஓடிய சுற்றுகளில் முக்கால் பங்காவது ஓடியிருக்க வேண்டும். முதல் வண்டி 144 சுற்று ஓடும் போலிருந்தது. அப்படியானால் எங்களுக்கு 108. ஆக்சில் தின்ற நேரம் போக அது மயிரிழையில் சாத்தியம்.

12:50-க்கு பெட்ரோல் நிறுத்தம். நசீர் பாய் இரண்டாவது கேனைக் காலி செய்து நிமிர்ந்தார். அவர் மூடியைக் கையில் எடுக்கிறார், அதற்குள் மெர்சி அக்கா, "கை!"

நான் சிலிண்டரைத் தரையில் வைத்துவிட்டு இரண்டு கைகளையும் அழகாக மேலே தூக்கினேன்.

பக்கத்தில் நின்று கண்காணித்த பந்தய அதிகாரி, மார்ஷல், விசில் அடித்தார். மூடாத டேங்க், பிடிக்காத சிலிண்டர். தண்டனை, கார் அதே இடத்தில் இரண்டு நிமிடம் அசையாமல் நிற்க வேண்டும். புது ஓட்டுநர் ஏறி பெல்ட் மாட்டிக்கொண்டு நேராகப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். மற்ற வண்டிகள் உர்ரென்று கடந்துகொண்டிருந்தன. இரண்டு நிமிடம் என்பது கிட்டத்தட்ட ஒரு சுற்று. பூமி பிளந்து என்னை விழுங்கினால் தேவலை என்றிருந்தது.

வண்டி கிளம்பியதும் மெர்சி அக்காவிடம் போனேன். வாய் கோணியது.

"அழாதமா. நான்தான் முன்னாடியே கத்திட்டேன்," என்றார். "இனிமே மூடி போட்டாச்சான்னு கேட்டுட்டுதான் கை."

தவறைத் தன் பேரில் எழுதிக்கொண்டு முறையையும் அங்கேயே மாற்றிவிட்டார். என் அலுவலகத்தில் இதற்கு மூன்று மீட்டிங் போடுவோம்.

கடைசி நிறுத்தம் இரண்டு மணிக்கு. நசீர் பாய் "மூடியாச்சு!" என்றார், மார்ஷல் தலையசைத்தார், பிறகுதான் "கை" வந்தது. அதுவரை என் தோள் கடுத்தது, சிலிண்டர் அசையவில்லை. காவ்யா ஏறிக் கிளம்பினாள்.

மூன்று மணி அடித்த பிறகு முதல் வண்டி எப்போது கோட்டைத் தொடுகிறதோ அப்போது முடிவுக் கொடி. மற்றவர்கள் ஓடிக்கொண்டிருக்கும் சுற்றை முடித்துக்கொள்ளலாம். முதல் வண்டி 143-ஐ முடித்தபோது மணி 2:58:05. அடுத்த சுற்றை மூன்றுக்குள் முடித்துவிட்டால் அது 145-க்குப் போகும், எங்களுக்கு 109 தேவைப்படும். அது நடக்காத காரியம். காவ்யா 108-வது சுற்றில்தான் இருந்தாள். நசீர் பாய் கண்ணை மூடி ஏதோ ஓதிக்கொண்டிருந்தார். மெர்சி அக்கா சுற்றுக் கணக்கு ஓடும் திரையைப் பார்க்கவே இல்லை, கடைசி வளைவையே பார்த்தபடி நின்றார். மூன்று மணி கடந்து நான்காவது வினாடியில் முதல் வண்டி கோட்டைத் தாண்டியது. கொடி விழுந்தது. நாற்பது வினாடி கழித்து அந்த வளைவில் எங்கள் கார் தெரிந்தது.

அதிகாரப்பூர்வ முடிவுத்தாள் ஒட்ட ஒரு மணி நேரத்துக்கு மேலானது. அந்தப் பதற்றத்தில் நகம் கடிக்காமல் இருக்க, உங்களுக்கான குறிப்புகளைப் போனில் தட்டிக்கொண்டிருந்தேன். உள்ளே பருத்தி உடை மட்டும் போடுங்கள், நைலான் தீயில் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். மூடிய தோல் ஷூ கட்டாயம். தீ தாங்கும் அங்கி குழுவே தரும், ஆனால் வெயிலில் அதற்குள் வெந்துபோவீர்கள். நான் நான்கு லிட்டர் தண்ணீர் குடித்தேன். காதடைப்பான் மருந்துக்கடையில் 60 ரூபாய். கேண்டீனில் எலுமிச்சை சாதம் மட்டும் உருப்படி. திரும்பும்போது தளத்தில் ஆட்டோ கிடைக்காது, காலையில் வந்தவரின் எண்ணை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். இப்படிக் குழுவில் சேர அனுபவம் தேவையில்லை. ஆள் எப்போதும் குறைவுதான், பழக்கமான மெக்கானிக்கிடம் கேட்டுப் பாருங்கள். ஒரே ஒரு விஷயம், கொடுத்த வேலை எவ்வளவு அற்பமாகத் தெரிந்தாலும் அதை மட்டும் செய்யுங்கள்.

4:20-க்குத் தாள் ஒட்டினார்கள். முடித்தவை பதினான்கு வண்டிகள். பதினான்காவது வரிசையில் எங்கள் எண், பக்கத்தில் 108. மெர்சி அக்கா அந்த வரியின் மேல் விரலை வைத்துக்கொண்டே உரிமையாளருக்குப் போன் போட்டார், ஸ்பீக்கரில்.

"சார், முடிச்சிட்டோம்."

"எத்தனாவது?"

"கடைசி சார்."

"சரி, வண்டி உங்கிட்டயே இருக்கட்டும்," என்றார் அவர்.

போனைப் பைக்குள் போட்டுவிட்டு மெர்சி அக்கா மூக்கை உறிஞ்சினார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"மூணு மாசத்துல அடுத்தது. சிலிண்டர் உனக்குத்தான்."

"அக்கா, என்னாலதானே ரெண்டு நிமிஷம் போச்சு?"

"அதனாலதான் சொல்றேன். வேற யாராச்சும்னா, அவங்களும் ஒரு தடவ கீழ வெச்சு கத்துக்கணும். நீ இனிமே வைக்க மாட்ட."