இவர் நடித்த மலாய்ப் படம்

படம் தொடங்க இன்னும் அரை மணி நேரம் இருந்தது. என் கணவர் காரை விட்டு இறங்குவதாக இல்லை.

"நீர் போய்ப் பாத்திட்டு வாரும். நான் இஞ்சை இருக்கிறன்."

"நடிச்சது நீங்களோ, நானோ?" என்று கேட்டேன். கோயிலுக்குக் கட்டுகிற பட்டுச்சேலையைக் கட்டிக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கிரான்பர்னிலிருந்து கிளென் வேவர்லி வரை வந்து, கார் பார்க்கில் குந்தியிருக்க எனக்கென்ன விசரா? ஆனால் அந்த முகத்தைப் பார்த்ததும் மேலே ஏச மனம் வரவில்லை. ஒரு கிழமையாகவே அவர் சரியாகச் சாப்பிடவில்லை.

அது மெல்பனில் இருக்கிற மலாய்க்காரர்கள் தாங்களாகவே சேர்ந்து எடுத்த படம். சிரிக்க வைத்து, கடைசியில் கொஞ்சம் கண்கலங்கவும் வைக்கிற குடும்பக் கதை. எடுத்தவள் ஒரு மலாய்ப் பெண். இவர் சமையல் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் நர்ஸாக இருக்கிறாள். வார விடுமுறைகளில் தன் வீட்டிலேயே, சிநேகிதர்களை வைத்துப் படம் பிடித்தாள். பக்கத்து வீட்டுத் தமிழராக நடிக்க, மலாய் பேசத் தெரிந்த ஓர் ஆள் வேண்டியிருந்தது. இவர் அகப்பட்டார்.

இவருக்கு மலாய் தெரியும் என்பது எனக்கும் தெரியும். ஊரில் சண்டை நடந்த காலத்தில் மலேசியாவுக்குத் தப்பிப் போய், ஆஸ்திரேலிய விசா வரும்வரை சில வருடங்கள் ஒரு சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவியிருக்கிறார். அதற்கு மேல் ஒரு சொல் வாங்க முடியாது. கேட்டால், "அங்கை இருந்தனான்" என்பார். அதோடு கதை முடிந்தது. வீட்டில் எதற்கும் ஒரு 'ஓம்', ஒரு 'இல்லை'. கல்யாணம் கட்டிய நாளிலிருந்து நான்தான் இரண்டு பேருக்குமாகச் சேர்த்துக் கதைத்துக்கொண்டிருக்கிறேன்.

பிரச்சினை கடைசிக் காட்சியில் இருந்தது. நோன்புப் பெருநாள் காலையில் மலாய் வீடுகளில் ஒரு வழக்கம் உண்டு. இளையவர்கள் வரிசையாக வந்து, பெரியவர்களுக்கு முன்னால் முழந்தாளிட்டு, கையை முத்தமிட்டு, செய்த பிழைகளுக்கெல்லாம் மன்னிப்புக் கேட்பார்கள். படத்தில் வருகிற பக்கத்து வீட்டுத் தமிழர் அதைச் சாப்பாட்டு வரிசை என்று நினைத்துக் கையில் சோற்றுக் கோப்பையோடு போய் நின்றுவிடுகிறார். அவர் முறை வந்ததும் அந்த வீட்டு அம்மா கையை நீட்டுவா, இவர் கோப்பையை நீட்ட வேண்டும். படத்தின் பெரிய பகிடியே அதுதான்.

ஆனால் படம் பிடித்த அன்று இவர் கோப்பையை நீட்டவில்லை. முழந்தாளிட்டு, எழுதிக் கொடுக்காத எதையோ சொல்லி அழுதிருக்கிறார். கேமரா ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது.

"அந்த ஸீனை வெட்டச் சொல்லிக் கேட்டனான்," என்று போன கிழமை குசினி அடுப்படியில் வைத்துச் சொன்னார். "ஒருக்கா சனத்தோடை இருந்து பாருங்கோ, அதுக்குப் பிறகும் வேண்டாமெண்டா வெட்டுறன் எண்டு அந்தப் பிள்ளை சொல்லுது."

"அப்பிடி என்ன சொன்னனீங்கள்?"

"விடும். சனம் சிரிக்கப் போகுது. சிரிக்கத்தானே வருகினம்."

எங்கள் ஆட்கள் ஒருவருக்கும் சொல்ல வேண்டாம் என்று கேட்டிருந்தார். நானும் சொல்லவில்லை. நான் வாயை மூடிக்கொண்டு ஒரு கிழமை இருந்தேன் என்றால் விஷயம் எவ்வளவு பெரிது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒருவழியாக இறங்கி வந்தார். படம் காட்டுகிற மண்டபத்து வாசலில் சிவப்புக் கம்பளம் விரித்திருந்தார்கள். யாரோ வீட்டு ஹாலில் கிடந்த கம்பளம். சோபாக் கால் அழுத்திய குழிகள் அப்படியே தெரிந்தன. பச்சையும் ரோஸும் மஞ்சளுமாக நீளச் சட்டை போட்ட பெண்கள், இடுப்பில் சரிகைத் துணி சுற்றிய ஆண்கள், கறி பஃப் தட்டுகளோடு ஓடித் திரியும் பிள்ளைகள். எங்கள் பக்கத்துக் கல்யாண வீடு மாதிரியே இருந்தது. எல்லோரும் இவரை "அங்கிள், அங்கிள்" என்று சூழ்ந்துகொண்டு போட்டோ எடுத்தார்கள். என்னை யாரென்று கேட்டதற்கு இவர் மலாயில் ஏதோ சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். என்ன சொன்னாரென்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

படம் தொடங்கியது. சாத்தே இறைச்சி சுடுகிற புகை வேலிக்கு மேலால் வருகிறது என்று சண்டை பிடிக்க வருகிறார் பக்கத்து வீட்டுக்காரர். வேலிக்கு மேல் முதலில் ஒரு தலை தெரிந்தது. அதற்கே ஹால் சிரித்தது. பிறகு அவர் வாயைத் திறந்தார். மூச்சு விடாமல், கையை ஆட்டி, புருவத்தைத் தூக்கி, இடையில் நிறுத்தி, மற்றவர்கள் சிரித்து முடியும்வரை காத்திருந்து, அடுத்ததை எடுத்து விட்டார். கீழே ஆங்கிலத்தில் எழுத்து ஓடியது. அதை நான் வாசித்து முடிக்கு முன்னரே ஹால் வெடித்துச் சிரித்தது. என் மனிசன் பேசுவதை நான் எழுத்துக்கூட்டி வாசித்துக்கொண்டிருந்தேன்.

திரையைப் பார்த்தேன். பக்கத்துக் கதிரையைப் பார்த்தேன். இங்கே ஒருவர் இரண்டு கைகளையும் தொடைக்குள் செருகிக்கொண்டு குனிந்து இருந்தார். அங்கே ஒருவர் ஒரு முழு ஹாலையும் ஆட்டி வைத்துக்கொண்டிருந்தார். இந்த மனிசனுக்குள் இவ்வளவு பேச்சு எங்கே கிடந்தது? உண்மையைச் சொன்னால் கோபமும் வந்தது. எனக்கு ஒரு 'ஓம்', ஊருக்கு இவ்வளவோ? ஆனால் அந்தக் கோபத்தோடு சேர்ந்து நானும் விழுந்து விழுந்து சிரித்தேன். பெருமையாகவும் இருந்தது.

பெருநாள் காலைக் காட்சி வந்தது. வரிசை தெரிந்தது. கடைசியில் கோப்பையோடு இவர். ஆட்களுக்கு உடனே விளங்கிவிட்டது. முன்வரிசையிலேயே சிரிப்பு கிளம்பிவிட்டது. வரிசை நகர நகரச் சிரிப்பும் கூடியது. இவர் கண்களை மூடிக்கொண்டார்.

அம்மாவாக நடித்தவ கையை நீட்டினா. இவர் கோப்பையைத் தரையில் வைத்தார். முழந்தாளிட்டார். அதுவும் பகிடி என்று நினைத்து இன்னும் சிரித்தார்கள். கீழே எழுத்து ஓடியது.

அம்மா, நான் சொல்லாமல் போனேன். நீங்கள் சந்தைக்குப் போன நேரம் பார்த்துப் போனேன். உங்கள் முகத்தைப் பார்த்திருந்தால் போயிருக்க மாட்டேன். என்னை மன்னியுங்கள்.

ஒரு மூலையில் மட்டும் ஒரு சிரிப்பு மிச்சமிருந்தது. அதுவும் நின்றது. திரையில் இவருடைய தோள் குலுங்கியது. அந்த நடிகைக்கு என்ன செய்வதென்று தெரியாமல் இருந்திருக்க வேண்டும். மெதுவாக இவர் தலையில் கையை வைத்தா. ஹாலில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள்.

"முடிஞ்சுதோ?" என்று கண் திறக்காமலே கேட்டார்.

"இல்லை. பாருங்கோ. ஒருத்தரும் சிரிக்கேல்லை."

அவர் கையைப் பிடித்தேன். எனக்கும் கண் மறைத்துவிட்டது, மிச்சக் காட்சியை நான் ஒழுங்காகப் பார்க்கவில்லை.

லைட் போட்ட பிறகு, இருந்த இடத்திலேயே சொன்னார். அவர் கோப்பை கழுவிய கடை ஒரு மலாய் மனுஷியுடையது. படுக்க இடம் கொடுத்தவ. பொலிஸ் செக்கிங் வந்தால், "இவன் என்ரை மகன்" என்று முன்னால் வந்து நிற்பாவாம். விசா வந்த பிறகு அவவிடம் சொல்ல இவருக்கு வாய் வரவில்லை. இங்கே வந்து போன் எடுத்துப் பார்த்தபோது கடையின் போன் இலக்கம் வேலை செய்யவில்லையாம். இத்தனை வருடமாக இதை நெஞ்சுக்குள் வைத்துக்கொண்டுதான் எனக்கு 'ஓம்', 'இல்லை' சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார்.

அப்போது முன்வரிசையிலிருந்து ஒரு வயதான மலாய் மனுஷி கைத்தடியை ஊன்றிக்கொண்டு வந்தா. நாங்கள் முன்பின் அறியாத ஆள். இவருக்கு முன்னால் நின்று கையை நீட்டினா. இவர் எழும்பி, குனிந்து, இரண்டு கையாலும் பிடித்து முத்தமிட்டார்.

"கொசொங்-கொசொங்," என்றா அந்த மனுஷி.

கொசொங் என்றால் பூச்சியமாம். உன் பக்கமும் ஒன்றுமில்லை, என் பக்கமும் ஒன்றுமில்லை என்று பெருநாளில் இப்படிச் சொல்லித்தான் தீர்த்துக்கொள்வார்களாம். இவரும் அதையே திருப்பிச் சொன்னார். அந்த மனுஷி இவர் கன்னத்தில் இரண்டு தட்டுத் தட்டிவிட்டுப் போனா. யாரோ ஒரு தாய்க்குச் சேர வேண்டியதை இன்னொரு தாய் வந்து வாங்கிக்கொண்டு போனாவே.

படம் எடுத்த பிள்ளை கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். அவளும் அழுதிருந்தாள்.

"சொல்லுங்கோ அங்கிள், வெட்டட்டோ?" என்று எனக்கும் விளங்கட்டும் என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

இவர் மலாயில் பதில் சொன்னார். நீளமாகச் சொன்னார். அவள் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டாள், பிறகு இவருடைய கையைப் பிடித்துக்கொண்டாள். எனக்குப் பொறுக்கவில்லை.

"இஞ்சேருங்கோ, எனக்குக் கீழை எழுத்து ஓடேல்லை. என்ன சொன்னனீங்கள்?"

என் பக்கம் திரும்பினார்.

"வெட்ட வேண்டாம் எண்டனான். இதை மலேசியாவுக்கும் கொண்டுபோய்க் காட்டுவினமோ எண்டு கேட்டனான்." பிறகு எனக்கு மட்டும் கேட்கிற மாதிரிச் சொன்னார். "அந்தக் கடைக்கார அம்மா படமெண்டாக் கடையைப் பூட்டிப்போட்டுப் பாக்கப் போற ஆள்."